ரத்தக்குழாயில் சுண்ணாம்பு: பலூனா, ரோட்டாவா, ஷாக்வேவா?

இதயக்குழாய் அடைப்பைச் சரிசெய்யும் கேத் லேப் கதவு பாதி திறக்கும். தலைத்தொப்பியும் ஈயக் கோட்டுமாக டாக்டர் எட்டிப் பார்ப்பார். "பேஷண்ட்டோட ஆள் யாரு? கால்சியம் ரொம்ப ஜாஸ்தி சார், பலூன் விரிய மாட்டேங்குது. ரோட்டா பண்ணலாம், இல்லேன்னா ஷாக்வேவ் போடலாம். ரெண்டுமே எஸ்டிமேட்ல இல்ல. என்ன பண்ணலாம், சொல்லுங்க." வெளியே நிற்பவர்களில் ஒருவர் ஃபோனில் தேட ஆரம்பிப்பார். இன்னொருவர் சொந்தத்தில் இருக்கும் டாக்டருக்கு அடிப்பார். அம்மா மட்டும் "எது நல்லதோ அதைச் செய்யுங்கய்யா" என்பார்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் டெக்னீஷியனாகப் பல வருடம் நின்றவன் நான். ஒரே ஒருமுறை வெளிப்பக்கமும் நின்றேன், பெரியப்பாவுக்காக. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, யாருக்கு எது என்று முடிவெடுப்பது என் வேலையும் இல்லை. ஆனால் "எந்த மெஷின் பெஸ்ட்?" என்று கேட்டு வரும் சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். மெஷினை அப்புறம் பார்க்கலாம். சுண்ணாம்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு தடிமன், குழாயைச் சுற்றி எத்தனை பங்கு வளைத்திருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் தெரிந்தால் மெஷின் அநேகமாகத் தானே முடிவாகிவிடும்.

போர் தண்ணீர் ஓடும் பைப்பில் உப்பு படிகிற மாதிரி என்றுதான் எல்லோரும் விளக்குவார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். அது தப்பான உவமை. பைப்பில் உப்பு உள்பரப்பின் மேல் படிகிறது, சுரண்டினால் வந்துவிடும். ரத்தக்குழாயில் சுண்ணாம்பு சுவருக்குள்ளேயே இறுகிக் கிடக்கிறது. கொழுப்பும் அழற்சியுமாகப் புண்பட்ட இடத்தில் உடம்பு போடும் தழும்பு, வருடக்கணக்கில் எலும்பைப் போலக் கெட்டியாகிறது. எலும்பில் இருக்கும் அதே வகைக் கால்சியம் பாஸ்பேட்தான் அங்கேயும். அதனால் "மொத்தமாகச் சுத்தம் பண்ணி எடுத்துடுவாங்களா?" என்று கேட்டால், எந்த மெஷினாலும் முடியாது. இருக்கும் எல்லாக் கருவிகளும் செய்வது ஒன்றைத்தான்: குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலையான ஸ்டென்ட் முழுசாக விரியும் அளவுக்கு அந்தச் சுவரைத் தளர்த்துவது.

ஸ்டென்ட் விரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? சுண்ணாம்பு வளையம் இருக்கும் இடத்தில் பலூனை ஊதினால் திரையில் உடுக்கை தெரியும். இரண்டு முனையும் உப்பியிருக்கும், நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கும். அந்த நிலையிலேயே ஸ்டென்ட்டை வைத்துவிட்டால் ஸ்டென்ட்டும் உடுக்கையாகவே நிற்கும். அங்கே ரத்தம் உறையலாம், சில மாதங்களில் மறுபடி அடைக்கலாம். வைத்த ஸ்டென்ட்டை நினைத்தபடி கழற்றி எடுக்கவும் முடியாது. உடுக்கை தெரிந்த பிறகும் "பரவாயில்ல, ஸ்டென்ட்டைப் போட்டுட்டு அப்புறம் ஊதிக்கலாம்" என்று போவதுதான் இந்த விஷயத்தில் ஆக மோசமான தேர்வு.

சரி, அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கை வைக்கத்தான் வேண்டுமா?

மாஸ்டர் செக்கப்பில் சி.டி. ஸ்கேன் எடுத்து, கால்சியம் ஸ்கோர் 400-க்கு மேல் என்று தாளில் பார்த்ததும் அரண்டு போய் வருகிறவர்கள் உண்டு. 1990-ல் அகாட்ஸ்டன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் வகுத்த கணக்கு அது. பூஜ்யம் என்றால் நிம்மதி. 400-ஐத் தாண்டினால் மாரடைப்பு அபாயம் கூடுதல். எந்த இடத்தில் அடைப்பு என்பதை அந்த எண் சொல்லாது. நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாத ஒருவருக்கு ஸ்கோரை மட்டும் வைத்து ஸ்டென்ட் போடுவதில் அர்த்தமில்லை. அறிகுறி இருந்தாலும், நிலையாக இருப்பவர்களுக்கு அவசரம் இல்லை என்பதற்கு 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வு இருக்கிறது. 5,179 பேரைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தோடு நின்றவர்களைவிட உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கு மரணமோ மாரடைப்போ குறையவில்லை. வலி இருந்தவர்களுக்கு வலி குறைந்தது, அது உண்மையான லாபம்தான். இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மாரடைப்போடு ஆம்புலன்ஸில் வருகிறவர் கதையும் முற்றிலும் வேறு.

மருந்து என்றால் முதலில் ஸ்டேட்டின், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டேட்டின் சாப்பிட்டால் கால்சியம் ஸ்கோர் குறையாது, சிலருக்குக் கூடவும் செய்யும். இளகிய கொழுப்புத் திட்டு இறுகிக் கெட்டிப்படுகிறது, வெடிக்கும் அபாயம் குறைகிறது. எண் ஏறும், ஆபத்து இறங்கும். இது புரியாமல் வருடா வருடம் ஸ்கேன் எடுத்து, "மாத்திரை வேலை செய்யல" என்று நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கீலேஷன். "ஆபரேஷன் இல்லை, ஸ்டென்ட் இல்லை, டிரிப்ஸிலேயே கால்சியத்தைக் கரைத்துவிடுவோம்" என்று நம் ஊரில் விளம்பரம் வருகிறதே, அதுதான். உலோகங்களைப் பிடித்து வெளியேற்றும் இ.டி.டி.ஏ. என்ற மருந்தை, பெரும்பாலும் வாரம் ஒருமுறை என்று, மொத்தம் 40 முறை நரம்பில் ஏற்றுவது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மாரடைப்பு வந்த 1,708 பேரிடம் செய்த டாக்ட் ஆய்வு 2013-ல் கொஞ்சம் பலன் காட்டியது, சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக. அதையே சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2024-ல் முடிவு வந்தது: ரத்தத்தில் ஈயம் நன்றாகக் குறைந்தது, மாரடைப்போ மரணமோ குறையவில்லை. குழாய்ச் சுவரில் எலும்பாய் இறுகியதை டிரிப்ஸ் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் காசை என் வீட்டில் யாருக்கும் செலவழிக்க மாட்டேன்.

பால், தயிரை நிறுத்தலாமா என்பதும் தவறாமல் வரும் கேள்வி. சாப்பாட்டுக் கால்சியம் நேராகக் குழாயில் போய்ப் படிவதில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மட்டும் பாஸ்பரஸ், கால்சியம் கணக்கே தனி. அவர்கள் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் தொடக் கூடாது.

இனி, கை வைத்தே ஆகவேண்டும் என்று முடிவானவர்கள் விஷயம்.

ஆஞ்சியோகிராம் என்பது டை ஏற்றி எக்ஸ்ரேயில் பார்க்கும் குழாயின் நிழல்தான். சுண்ணாம்பு இருக்கிறது என்று காட்டும். எவ்வளவு ஆழம், எத்தனை தடிமன் என்பதில் ஏமாற்றிவிடும். குழாய்க்குள்ளேயே நுழைந்து பார்க்கும் இரண்டு கருவிகள் உண்டு. ஒலியலை வைத்துப் பார்ப்பது ஐவஸ். ஒளியை வைத்துப் பார்ப்பது ஓ.சி.டி. சுண்ணாம்பின் தடிமனை ஓ.சி.டி. துல்லியமாகக் காட்டும், ஆனால் அதற்குக் கூடுதலாக டை ஏற்ற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்து கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு ஐவஸ் பாதுகாப்பு. ஓ.சி.டி.யில் பார்க்கும்போது டாக்டர்கள் மூன்று அளவுகளை மனதில் வைத்திருப்பார்கள். சுண்ணாம்பு பாதி வட்டத்துக்கு மேல் வளைத்திருக்கிறதா, தடிமன் 0.5 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, நீளம் 5 மில்லிமீட்டருக்கு மேலா. மூன்றும் ஆம் என்றால் சாதாரண பலூனை நம்பி ஸ்டென்ட் வைக்கக் கூடாது. மூன்றும் இல்லை என்றால் விலை கூடிய எந்தச் சாமானும் பெரும்பாலும் தேவைப்படாது. என் அனுபவத்தில், எதை வாங்குவது என்று தலையை உடைத்துக்கொண்ட குடும்பங்களில் பாதிக்கு மேல், "உள்ளே படம் எடுத்துப் பார்த்தீங்களா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

இனி கருவிகள். எளியதிலிருந்து போவோம்.

என்.சி. பலூன் எல்லா லேபிலும் கிடைக்கும். அழுத்தம் கொடுத்தாலும் தன் அளவுக்கு மேல் உப்பாத கெட்டிப் பலூன் அது. மெல்லிய சுண்ணாம்புக்கு இதுவே போதும். தடித்த வளையத்தில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், சுண்ணாம்பு இல்லாத மறுபக்கத்து மெல்லிய சுவர் கிழியும் அபாயம் உண்டு. இதன் அண்ணன் தம்பிகள் கட்டிங் பலூனும் ஸ்கோரிங் பலூனும். மேலே நீளவாக்கில் சின்னக் கத்தியோ கம்பியோ ஒட்டியிருக்கும், ஊதும்போது சுண்ணாம்பில் கோடு கீறும். விலை நடுத்தரம், பலனும் நடுத்தரம் என்று தோன்றலாம். ஆனால் சரியான ஆளின் கையில், நடுத்தரமான சுண்ணாம்பில், கட்டிங் பலூன் நிறையச் சாதிக்கும். பெரிய பெயர் இல்லாததால் இதைச் சொல்வார் இல்லை.

ரோட்டா எனப்படும் ரோட்டாப்ளேட்டர் பழைய கை. 1977-ல் சூரிச்சில் க்ரூன்ட்ஸிக் முதல் இதயக்குழாய் பலூனை ஊதிய பத்துப் பதினோரு வருடத்திலேயே மனித இதயக்குழாயில் இது இறங்கிவிட்டது. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆலிவ் காய் வடிவத்தில் ஒரு குட்டி உலோகத் தலை, அதன் முன்பாதியில் வைரத்தூள். இதற்கு பர் என்று பெயர். அளவு 1.25 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று என்ற கணக்கில் சுழலும். மாவுக்கட்டு வெட்டும் ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள், கட்டை வெட்டும், தோலை வெட்டாது. ஏறக்குறைய அதே சூத்திரம்தான். கெட்டியானது தேயும், நெகிழ்வானது விலகிக்கொடுக்கும். தேய்ந்து வரும் தூள் ரத்த அணுவைவிடச் சின்னது, ரத்தத்தோடு போய்விடும்.

ரோட்டாவின் பெரிய பலம், வேறு எதுவும் நுழையாத இடத்தில் இது நுழையும் என்பது. தலைமுடி மாதிரி ஒரு கம்பி மட்டும் தாண்டிவிட்டால் போதும், பர் தன் வழியைத் தானே உப்புத்தாள் போட்டுக்கொண்டு போகும். பலவீனமும் அதேதான். கம்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தேயும். பெரிய குழாயில் ஆழத்தில் கிடக்கும் சுண்ணாம்பை இது தொடாது. தூள் அதிகமானால் கொஞ்ச நேரம் ரத்த ஓட்டம் மந்தப்படும். வலது இதயக்குழாயில் செய்யும்போது துடிப்பு இறங்கலாம் என்று சில இடங்களில் தற்காலிக பேஸ்மேக்கரைப் போட்டுக்கொண்டே ஆரம்பிப்பார்கள். அரிதாகக் குழாய் ஓட்டையாகும், அதைவிட அரிதாக பர் சிக்கிக்கொள்ளும். ஒரு ஓட்டம் 20 நொடி, நிறுத்தம், மறுபடி ஓட்டம். பல் டாக்டர் மெஷின் மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் இருக்கும், பர் சுண்ணாம்பைக் கடிக்கும்போது அந்தச் சுருதி இறங்கும். சுற்று 5,000-க்கு மேல் குறைந்தால் பின்னே இழுக்க வேண்டும். அனுபவமுள்ள கை திரையோடு காதையும் வைத்து வேலை செய்யும். மாதம் ஒன்று செய்கிற இடத்துக்கும் வாரம் நாலு செய்கிற இடத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

எல்லாருக்கும் ரோட்டா செய்தால் என்ன என்று ஜெர்மனியில் பார்த்தார்கள். ரோட்டாக்ஸஸ் ஆய்வு, 240 பேர். அன்றைய வேலை முடிவது ரோட்டாவில் சுலபமாக இருந்தது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது குழாய் திரும்பச் சுருங்கியதில் ரோட்டாவுக்கு எந்த ஆதாயமும் இல்லை, சற்று மோசம்கூட. 200 பேரைச் சேர்த்து 2018-ல் வந்த ப்ரிபேர்-கால்க் ஆய்வில் ரோட்டா 98 சதவீதமும் கட்டிங், ஸ்கோரிங் பலூன்கள் 81 சதவீதமும் வெற்றி. அதிலும் ஒன்பதாவது மாதத்தில் குழாயின் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ரோட்டா நல்ல சாவி, ஆனால் எல்லா வீட்டுக்கும் அது தேவையில்லை.

ஆர்பிட்டல் என்று ரோட்டாவின் இன்னொரு வகை இருக்கிறது. இதில் தலை பம்பரம் மாதிரி வட்டமடித்துச் சுழலும், ஒரே தலையை வைத்து வேகத்தைக் கூட்டினால் பெரிய வட்டம். நம் ஊரில் எல்லா லேபிலும் கிடைக்காது. ஆனால் அதை வைத்துச் செய்த எக்லிப்ஸ் ஆய்வை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2,005 பேர், 2024-ல் முடிவு. முதலில் ஆர்பிட்டலால் தேய்த்துவிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், பலூனால் மட்டும் விரித்து வைத்தவர்களுக்கும் ஒரு வருடத்தில் வித்தியாசமே இல்லை. "அப்போ இதெல்லாம் வீண் செலவா?" என்று பாய வேண்டாம். தேய்க்காமல் முடியவே முடியாது என்று டாக்டர் நினைத்தவர்கள் அந்த ஆய்வுக்குள் வரவில்லை. பலூனே போதுமாக இருக்கும் இடத்தில் முன்கூட்டியே தேய்ப்பதால் லாபமில்லை என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் ஷாக்வேவ். சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பது 1980-ல் மியூனிக்கில் ஆரம்பித்தது. விமானம் செய்கிற டோர்னியர் நிறுவனத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த யோசனை அது. அதையே சுருக்கி பலூனுக்குள் வைத்ததுதான் இது. பலூனை லேசாக, 4 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் மட்டும் ஊதிக் குழாய்ச் சுவரைத் தொட வைப்பார்கள். உள்ளே பொறி தட்டும், அந்த அதிர்வு சுவருக்குள் போய்ச் சுண்ணாம்பை விரிசல் விடச் செய்யும். வேகவைத்த முட்டையைத் தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் ஓடு நொறுங்கும், ஆனால் சிதறாமல் தோலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். இங்கேயும் சுண்ணாம்பு இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் பிடிவாதம் மட்டும் போய்விடும். முந்தைய நிமிடம் உடுக்கையாக நின்ற பலூன், இருபது முப்பது தட்டில் சட்டென்று நேராகும் காட்சியை முதல்முறை பார்த்தபோது லேபில் எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

வட்டமாக வளைத்த, தடித்த, ஆழத்துச் சுண்ணாம்புக்கு இதுவே முதல் தேர்வு என்பது என் கட்சி. தூள் கிளம்பாது, தனிக் கம்பி வேண்டாம், கைப்பழக்கம் சீக்கிரம் வரும். 384 பேரிடம் செய்த டிஸ்ரப்ட் கேட்-3 ஆய்வில் 92 சதவீதத்துக்கு மேல் வெற்றி, அதை வைத்து 2021-ல் அமெரிக்காவில் அனுமதி. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட வேறு அணி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டும்போது சிலருக்கு அந்தத் தட்டுக்கே இதயம் துடிக்கும், மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிஸ்டர் பயந்துபோவார். பெரும்பாலும் பலூனை இறக்கியதும் சரியாகிவிடும். ஒரு பலூனுக்கு இத்தனை தட்டு என்று எண்ணிக்கை உண்டு, மாடலைப் பொறுத்து 80 அல்லது 120. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

குறை இரண்டு. ஒன்று, பலூன் பருமனானது. ஊசித் துவாரம் போல அடைத்த இடத்தில் நுழையாது. நுழையாத பலூன் தட்டி என்ன பயன்? அப்போது ரோட்டாவால் பாதை போட்டு, பின்னால் ஷாக்வேவை அனுப்புவார்கள். ரோட்டாட்ரிப்சி என்று இதற்குப் பெயரே இருக்கிறது. இரண்டாவது குறை விலை. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்தது, மருந்து பூசியது 29,600 ரூபாய் என்று அன்று பேப்பரில் பெரிதாக வந்தது. அந்தப் பாதுகாப்பு ஸ்டென்ட்டுக்குத்தான். ஷாக்வேவ் பலூன் ஒன்றின் விலை ஸ்டென்ட்டைப் போலப் பல மடங்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனி முன் அனுமதியில் இது இருக்கிறதா என்று அட்மிஷன் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

பைபாஸைப் பற்றிப் பேசவில்லையே என்றால், சில வீடுகளில் அதைத்தான் முதலில் பேச வேண்டும். பைபாஸ் சுண்ணாம்போடு மல்லுக்கட்டுவதில்லை, அதைத் தாண்டிப் போய் இணைக்கிறது. சர்க்கரையும் இருந்து ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் அடைத்தவர்களுக்கு ஃப்ரீடம் ஆய்வின் கணக்கு தெளிவானது. 1,900 பேர், ஐந்து வருடம். மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். இரண்டு மூன்று குழாயில் நீள நீளமான சுண்ணாம்பு என்றால், ரோட்டாவும் ஷாக்வேவும் நாலு ஸ்டென்ட்டுமாகப் போவதைவிட நெஞ்சைத் திறப்பதே மேல் என்று டாக்டர் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். மகாதமனியே சுண்ணாம்பாகிக் கிடந்தாலோ, இணைக்க நல்ல இடம் இல்லாமல் கீழ்க்குழாயும் கெட்டிருந்தாலோ சர்ஜனே வேண்டாம் என்பார். வயதும் நுரையீரலும் சிறுநீரகமும் அந்தக் கணக்கில் வரும்.

கால் குழாய்க்கு இதே கருவிகள் வேறு அளவில் இருக்கின்றன. தொடையில், முழங்கால் மடியும் இடத்தில் உலோகத்தை விட்டுவைக்காமல் வருவதே நல்லது. 306 பேரிடம் செய்த டிஸ்ரப்ட் பேட்-3 ஆய்வில், சாதாரண பலூன் போட்டவர்களில் 18 சதவீதத்துக்கு ஸ்டென்ட் தேவைப்பட்டது, ஷாக்வேவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கணுக்காலில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் சோதனையில் எண் 1.4-ஐத் தாண்டினால் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குழாய் சுண்ணாம்பாகி அமுங்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். 74 வயது, சர்க்கரை, வலது குழாயில் ஊசி முனை அடைப்பு. வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. டாக்டர் கதவைத் திறந்து கேட்டபோது அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். "லேட்டஸ்ட்டே போட்டுடுங்க சார், ஷாக்வேவ்" என்று சொன்னது நான்தான். அத்தனை வருடம் உள்ளே நின்றவன், பலூன் நுழையுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நுழையவில்லை. தள்ளித் தள்ளி அதன் தண்டு மடங்கிப்போனது. அப்புறம் ரோட்டா வந்தது, 1.5 பர். அதன்பின் சாதாரண என்.சி. பலூனே உடுக்கை இல்லாமல் நேராக விரிந்தது, ஸ்டென்ட்டும் நன்றாக உட்கார்ந்தது. பெரியப்பா இப்போது காலையில் மார்க்கெட் வரை நடந்து போய்க் கீரை வாங்கி வருகிறார்.

உள்ளே போடுகிற ஒவ்வொரு சாமானின் பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை ஃபைலில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று அதைக் கேட்டு வாங்கி, பில்லோடு ஒத்துப் பாருங்கள். பெரியப்பா ஃபைலில் நாலு ஸ்டிக்கர் இருக்கிறது. அவற்றில் விலை கூடியது, வேலையே செய்யாத அந்தப் பலூனுடையது.